கிளினிக் வாசலில் செபிக்கப் போகிறீர்களா? முதலில் 150 மீற்றரை அளந்துகொள்ளுங்கள்

தவக்காலம் தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது எங்கள் செபக் குழுவில் இருக்கிற அன்ரி ஒருவர் போன் எடுத்தார். "தம்பி, நாங்கள் ஏழெட்டுப் பேர் அந்தக் கருக்கலைப்புக் கிளினிக்குக்கு முன்னால நின்று செபமாலை சொல்லப் போறம். சத்தம்கூடப் போட மாட்டம். அதுக்கும் பொலிஸ் பிடிக்குமோ?" என்று கேட்டார். பிடிக்கலாம் என்றேன். நம்பவில்லை. கோயிலுக்குள் செபித்தால் புண்ணியம், றோட்டில் செபித்தால் குற்றமா, இது என்ன நாடு என்று கொஞ்ச நேரம் ஏசினார், அப்புறம் "சரி, என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்லும்" என்று வைத்துவிட்டார்.

பார்த்தேன். சட்டத்தையும் தீர்ப்புச் செய்திகளையும் இரண்டு மூன்று இரவு உட்கார்ந்து வாசித்தேன். அன்ரிக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், அவரைப் போல யோசிக்கிறவர்கள் லண்டன் தமிழ்க் கோயில்களிலும் சபைகளிலும் இன்னும் இருப்பார்கள். நான் சட்டத்தரணி இல்லை. கருக்கலைப்பு சரியா பிழையா என்று வாதாடவும் வரவில்லை, அதில் எனக்கு ஒரு நிலைப்பாடு, அன்ரிக்கு வேறொன்று, எங்கள் பேச்சு அதனால் நிற்கவில்லை.

கருக்கலைப்புக் கிளினிக்கைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் சில காரியங்களைச் செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அந்தப் பகுதியைத்தான் வலயம் என்கிறேன். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, "பிரித்தானியச் சட்டம்" என்று இதில் ஒன்று கிடையாது. நீங்கள் நிற்கிற மண்ணைப் பொறுத்து அது மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம், 9ஆம் பிரிவு. அது 2024 ஒக்டோபர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது, தூரம் 150 மீற்றர். ஸ்கொட்லாந்துக்குத் தனிச் சட்டம், அதற்கு ஒரு மாதம் முன்னரே, 2024 செப்டெம்பர் 24 அன்று தொடங்கிவிட்டது, அங்கே 200 மீற்றர். வட அயர்லாந்தில் 2023 சட்டம், 100 மீற்றரில் தொடங்கி இடத்தைப் பொறுத்து 250 வரை நீட்டலாம். ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோவில் இருக்கிற மச்சான் சொன்ன விதியை வைத்துக்கொண்டு லண்டன் குரோய்டனில் நிற்காதீர்கள். மிச்சத்தை இங்கிலாந்தை வைத்தே சொல்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் சட்டம் எதைக் குறிவைக்கிறது என்பதும் விளங்கும். தேர்த் திருவிழாவுக்கு நம் சனம் போகிற அதே லண்டன் ஈலிங்கில்தான் தொடங்கியது. அங்கே மாட்டொக் லேன் என்ற தெருவில் ஒரு கிளினிக். அதன் வாசலில் வருடக்கணக்காகச் செபக் குழுக்கள் நின்றன, எதிர்த்து இன்னொரு கூட்டமும் வந்து நின்றது. உள்ளே போகிற பெண்கள் இரண்டு கூட்டத்துக்கும் நடுவால் நடக்க வேண்டியிருந்தது. 2018 ஏப்ரலில் ஈலிங் கவுன்சில் நாட்டிலேயே முதல் தடவையாக கிளினிக்கைச் சுற்றி ஒரு தடை வலயம் போட்டது. வழக்குப் போனது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கவுன்சில் பக்கம் தீர்ப்புச் சொன்னது. செபிக்கிறவர்களின் மத உரிமையும் பேச்சுரிமையும் இதனால் பாதிக்கப்படுவதை நீதிமன்றம் மறுக்கவில்லை, ஆனால் வைத்தியத்துக்கு வருகிற பெண்ணின் அந்தரங்கத்தைக் காக்க அந்தப் பாதிப்பு நியாயமானது என்றது. பிறகு ஒவ்வொரு கவுன்சிலாகப் போடுவதை விட்டுவிட்டு, 2022 ஒக்டோபரில் 297க்கு 110 என்ற வாக்கில் பாராளுமன்றமே நாடு முழுக்க வலயம் வேண்டும் என்று முடிவெடுத்தது.

தூரத்தை எப்படி அளப்பது

இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுவார்கள். கூகுள் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியில் விரலை வைத்து 150 மீற்றர் இழுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சட்டம் அளக்கச் சொல்வது கிளினிக்கின் எந்தப் பகுதியிலிருந்தும், அது இருக்கிற கட்டடத்துக்கோ வளாகத்துக்கோ உள்ளே போகிற எந்த வாசலிலிருந்தும். கிளினிக் என்ற சொல்லைப் பார்த்தும் ஏமாறக் கூடாது, கருக்கலைப்புச் செய்வதாகப் பதிவாகி அறிவிக்கப்பட்ட வைத்தியசாலைகளும் அதற்குள் வரும். பெரிய வைத்தியசாலை என்றால் முன்வாசல், பின்வாசல், கார் பார்க் வாசல் என்று நாலைந்து இருக்கும், ஒவ்வொன்றிலிருந்தும் 150 மீற்றர் வட்டம் போட்டுப் பாருங்கள், பக்கத்துத் தெரு பஸ் தரிப்பிடம் வரை உள்ளே விழுந்துவிடும். அன்ரி காட்டிய இடம், ஒரு பூங்காவின் மூலை, அவர் கணக்கில் வெளியே இருந்தது. பின்வாசலைச் சேர்த்ததும் உள்ளே வந்துவிட்டது.

எனவே 150 என்றால் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டில் நின்று பொலிஸுடன் அடிமட்டம் பிடிக்கிறதற்காக யாரும் தவக்காலம் அனுசரிப்பதில்லை. தெருவில் அறிவிப்புப் பலகை இருக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். வரைபடத்தை அச்சடித்து, எந்தத் தெருவில் எந்தக் கடை வரை நிற்கலாம் என்று குழுவில் எல்லோருக்கும் பேனாவால் கோடு போட்டுக் காட்டுங்கள், வயதானவர்களுக்கு "மீற்றர்" சொன்னால் விளங்காது, "அந்த லெபரா கடையைத் தாண்டாதேங்கோ" என்றால் விளங்கும்.

வலயத்துக்குள் எது குற்றம்

உள்ளே நிற்பதே குற்றமில்லை. அங்கே குடியிருக்கிறவர்கள் இருக்கிறார்கள், பஸ்ஸுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கழுத்தில் சிலுவையோடு நடந்து கடைக்குப் போவதும் பிழையில்லை. மூன்று காரியத்தைத்தான் சட்டம் சொல்கிறது: ஒருவர் அந்தச் சேவையைப் பெறுவது அல்லது வழங்குவது பற்றி எடுக்கிற முடிவில் செல்வாக்குச் செலுத்துவது, அவரை வழிமறிப்பது அல்லது தடங்கல் செய்வது, அவருக்குத் தொல்லையோ பயமோ மனவேதனையோ கொடுப்பது. இதை வேண்டுமென்று செய்தாலும் குற்றம், "இப்படி ஆகும் என்று தெரிந்தும் பரவாயில்லை" என்ற மாதிரிச் செய்தாலும் குற்றம். அந்த இரண்டாவதுதான் ஆளைப் பிடிக்கிற இடம். "நான் ஒருத்தரையும் குழப்ப நினைக்கவில்லை" என்று சொன்னால் மட்டும் தப்ப முடியாது.

துண்டுப்பிரசுரம் நீட்டுவது, "மகள், ஒரு நிமிஷம் கதைக்கலாமா" என்று கூப்பிடுவது, குழந்தைப் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாம் முதல் வகைக்குள் இலகுவாக விழும். மெதுவாக, அன்பாகச் சொன்னேன் என்பது விடை அல்ல, செல்வாக்குச் செலுத்துவதுதானே கேள்வி. இன்னொன்றையும் கவனியுங்கள், சட்டத்தில் எந்தப் பக்கம் என்ற பேச்சே இல்லை. கருக்கலைப்புக்கு ஆதரவாக வந்து வாசலில் கத்தி, உள்ளே போகிறவரை நடுங்கவைக்கிறவருக்கும் இதே பிரிவுதான்.

தண்டனை அபராதம், மேல் எல்லை இல்லை. சிறை இல்லையே என்று ஆறுதல்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், செலவு விஷயத்துக்கு வருகிறேன்.

சத்தமில்லாத செபம்

அன்ரியின் உண்மையான கேள்வி இதுதான், நேர்மையாகச் சொன்னால் இந்தச் சட்டத்தில் எனக்கும் உறுத்துகிற இடம் இதுதான். உதடு அசையவில்லை, கையில் பதாகை இல்லை, மனதுக்குள் ஒரு மங்கள வார்த்தை செபம். அது குற்றமா?

2023 மார்ச்சில் மௌன செபத்துக்கு விதிவிலக்குக் கொடுக்க வேண்டும் என்று பாராளுமன்றத்தில் ஒரு திருத்தம் வந்தது. 116க்கு 299 என்று தோற்றது. ஆனால் அதனால் மௌன செபம் தானாகக் குற்றமாகிவிடவும் இல்லை. வழக்குத் தொடரும் அரச அமைப்பான சிபிஎஸ், வலயத்துக்குள் மௌனமாகச் செபிக்கிறவர் கட்டாயம் குற்றம் செய்தவராகிவிட மாட்டார், அந்தந்தச் சம்பவத்தின் விபரத்தைப் பொறுத்தது என்றுதான் வழிகாட்டியில் சொல்கிறது. விபரம் என்றால் என்ன? நடந்ததைப் பார்ப்போம்.

2022 டிசெம்பரில் பேர்மிங்ஹாமில் இசபெல் வான்-ஸ்புரூஸ் என்ற கருக்கலைப்பு எதிர்ப்புச் செயற்பாட்டாளர் ஒரு கிளினிக்குக்கு அருகே சும்மா நின்றார். பொலிஸ் வந்து செபிக்கிறீர்களா என்று கேட்டது. மனதுக்குள் செபித்துக்கொண்டிருக்கலாம் என்றார். கைது. கிளினிக் அந்த நேரம் திறந்திருக்கவே இல்லை. அடுத்த பெப்ரவரியில் நீதிமன்றம் விடுவித்தது, பிறகு பொலிஸ் அவருக்கு 13,000 பவுண் கொடுத்து விஷயத்தை முடித்தது. அந்தக் காணொளியைப் பார்த்தால், எந்தப் பக்கத்தில் இருந்தாலும், ஒரு பொலிஸ்காரர் ஒருவரின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று தெருவில் நின்று கேட்பது நன்றாக இல்லை.

ஆனால் 2022 நவம்பரில், அதாவது அந்தக் கைதுக்கு முந்தைய மாதம், போர்ன்மௌத்தில் நடந்தது வேறு மாதிரி முடிந்தது. ஆடம் ஸ்மித்-கானர், முன்னாள் இராணுவ வீரர். 22 வருடத்துக்கு முன் கலைக்கப்பட்ட தன் பிள்ளைக்காகச் செபிக்கிறேன் என்று கிளினிக்குக்கு வெளியே நின்றார். முதல் நாளே கவுன்சிலுக்கு மின்னஞ்சலும் போட்டிருந்தார். வெளியேறும்படி ஒரு மணி 40 நிமிடம் கேட்டும் போகவில்லை. 2024 ஒக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பு. இரண்டு வருட நிபந்தனை விடுதலை, அதாவது மறுபடி குற்றம் செய்யாவிட்டால் தண்டனை இல்லை, ஆனால் வழக்குச் செலவு 9,000 பவுண் கட்டச் சொன்னார்கள். அதே ஊரில் 64 வயதுப் பெண்மணி ஒருவர், "விரும்பினால் பேசலாம்" என்ற கருத்தில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு 2023 மார்ச்சில் இரண்டு நாள் நின்றதற்கு 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது, அதுவும் நிபந்தனை விடுதலை, ஆனால் செலவு 20,000 பவுண். அபராதம் இல்லை என்று சிரித்துக்கொண்டு வெளியே வர முடியாது, காரை விற்க வேண்டியிருக்கும்.

இவை மூன்றும் பழைய கவுன்சில் உத்தரவுகளின் கீழ் வந்தவை, அவற்றின் சொற்கள் புதிய சட்டத்தின் சொற்கள் அல்ல. என்றாலும் பாடம் கிடைக்கிறது. போர்ன்மௌத்தில் நீதிமன்றம் தலை குனிந்திருந்ததையும் கை கோத்திருந்ததையும் பார்த்தது. வாசலைப் பார்த்து நிற்பது, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி செபக் கோலத்தில் நிற்பது, போகச் சொன்ன பிறகும் நிற்பது, இவை சேரச் சேர "மனதுக்குள்" என்ற பாதுகாப்புக் கரைகிறது.

நான் அன்ரியிடம் கேட்டது ஒன்றுதான். செபம் ஆண்டவருக்கா, அந்த வாசலால் போகிற பிள்ளைக்குத் தெரியவேண்டும் என்பதற்கா? ஆண்டவருக்கு என்றால் 151வது மீற்றரிலும் கேட்கும், உங்கள் வீட்டுக் குசினியிலிருந்தும் கேட்கும். அந்தப் பிள்ளை பார்க்க வேண்டும் என்றால், சட்டம் தடுக்கிறது அதைத்தான். அன்ரி சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அந்தப் பிள்ளைக்கு ஒரு உதவி இருக்கு எண்டு ஆர் சொல்றது?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான், அதற்கு விடை வாசலில் இல்லை, கீழே வருகிறேன்.

வீடும் கோயிலும்

வலயத்துக்குள் வீடு இருந்தால்? வீட்டுக்குள் இருப்பவருக்கு ஒரு விலக்கு உண்டு, ஆனால் அது நினைக்கிற அளவு பெரிதில்லை. பாதிக்கப்படுகிறவரும் ஒரு வீட்டுக்குள் இருக்க வேண்டும். தெருவைப் பார்க்கிற யன்னலில் பெரிய பதாகை ஒட்டினால் அந்த விலக்கு உங்களுக்கு உதவாது. வழிபாட்டு இடத்துக்கும் அப்படித்தான், கோயிலுக்குள் அல்லது கோயில் வளவுக்குள் இருக்கிறவர்களுக்கு இடையில் நடப்பதைச் சட்டம் தொடவில்லை, சுவாமி பிரசங்கத்தில் எதுவும் சொல்லலாம். அதையே ஒலிபெருக்கியில் தெருப் பக்கம் திருப்பினால் கதை வேறு. ஸ்கொட்லாந்தில் இது இன்னும் இறுக்கம், வலயத்துக்குள் இருக்கிற தனியார் வீட்டில் செய்வதும் வெளியே தெரிந்தால், கேட்டால் குற்றமாகலாம் என்று வீடுகளுக்குக் கடிதமே போனது. அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஜே.டி.வான்ஸ் 2025 பெப்ரவரியில் மியூனிக்கில் பேசியபோது போர்ன்மௌத் வழக்கோடு இதையும் இழுத்தார், அதற்குப் பிறகு இது உலகச் செய்தி.

ஒருவர் தானாகக் கேட்டு நீங்கள் துணைக்குப் போனால் அதில் சிக்கல் இல்லை. அவர் சம்மதத்தோடு கூடப் போகிறவருக்கு விலக்கு இருக்கிறது.

அப்படியென்றால் எங்கே, எப்படி

வலயத்துக்கு வெளியே பேச்சுரிமை அப்படியே இருக்கிறது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு இடத்தில் நின்று செய்கிற கூட்டத்துக்குப் பொலிஸிடம் முன்கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. ஊர்வலம் என்றால் 1986 பொது ஒழுங்குச் சட்டப்படி ஆறு நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும், திகதி, நேரம், பாதை, பொறுப்பாளர் பெயர் எல்லாம் கேட்பார்கள். சிலுவைப்பாதையைத் தெருவால் கொண்டுபோகிறீர்கள் என்றால் இதை விட்டுவிடாதீர்கள். கவுன்சிலோடும் கதையுங்கள், ஒலிபெருக்கி விஷயத்தில் அவர்களுக்குத் தனி விதிகள் உண்டு, இரவு 9 மணிக்குப் பிறகு தெருவில் வேண்டவே வேண்டாம். படங்கள் விஷயத்தில் என் கருத்து: சிதைந்த கருவின் பெரிய படங்களைக் கொண்டுபோகாதீர்கள். அதே 1986 சட்டத்தின் 5ஆம் பிரிவில் முறைப்பாடு வரலாம் என்பது ஒரு பக்கம். மற்றது, கருச்சிதைவில் பிள்ளையை இழந்த ஒருத்தி அந்தத் தெருவால் தள்ளுவண்டி இல்லாமல் நடந்துவருவாள்.

அன்ரி கேட்ட "ஆர் சொல்றது"க்கு விடை: கோயில் அறிவித்தல் பலகை, பூசை முடிவில் ஒரு அறிவிப்பு, முகப்புத்தகம், உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம். பிள்ளை பெற நினைத்தும் வாடகைக்கும் பாலுக்கும் வழியில்லாமல் தவிக்கிற ஒருத்திக்குக் கொடுக்க உங்களிடம் உண்மையில் ஏதாவது இருந்தால், கட்டில், உடுப்பு, இரண்டு மாத வாடகை, அது வாசலில் 30 செக்கனில் சொல்லி முடிகிற விஷயமல்ல. எங்கள் குழு கடைசியில் வெள்ளிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் செபமாலை வைத்தது, உதவி சேர்க்க ஒரு பெட்டியும் வைத்தது. மழைக்கும் அதுதான் நல்லது.

பொலிஸ் வந்தால்

கூட்டத்தில் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிற ஒருவரை மட்டும் பேச விடுங்கள், எட்டுப் பேரும் ஒன்றாகப் பேசினால் அதுவே கலவரம் மாதிரித் தெரியும். எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள், நான் தடுத்துவைக்கப்பட்டிருக்கிறேனா என்று மரியாதையாகக் கேளுங்கள். செபிக்கிறீர்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பொய்யும் சொல்லாதீர்கள், "பதில் சொல்ல விரும்பவில்லை" போதும். வலயத்துக்குள் நிற்பதாகச் சொன்னால் வெளியே வந்துவிட்டு அப்புறம் வாதாடுங்கள், போர்ன்மௌத் வழக்கில் அந்த ஒரு மணி 40 நிமிடம் நல்லது செய்யவில்லை. பொலிஸைப் படம் எடுக்கலாம், ஆனால் கமராவில் கிளினிக் வாசலும் போகிறவர் முகமும் விழாமல் பாருங்கள், அந்தப் படமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

கைது செய்து கொண்டுபோனால் நிலையத்தில் இலவசச் சட்ட ஆலோசனை கேட்பது உங்கள் உரிமை. தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். "ஆங்கிலம் ஓரளவு தெரியும், பரவாயில்லை" என்று கூச்சத்தில் சொல்லிவிட்டு வாக்குமூலம் கொடுத்தவர்களை வேறு வழக்குகளில் பார்த்திருக்கிறேன், செய்யாதீர்கள். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இன்னும் கவனம், குற்றத் தீர்ப்புகளை அங்கே சொல்லியாக வேண்டும், நிபந்தனை விடுதலை என்றாலும் மறைக்க முடியாது. மனச்சாட்சிக்காகத் தெரிந்தே சட்டத்தை மீறப் போகிறேன் என்று ஒருவர் தீர்மானித்தால் அது அவர் விருப்பம். அந்த விலையைத் தெரியாத எழுபது வயது அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

கனடாவில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு: ஒன்ராறியோவில் 2017இல் வந்த சட்டப்படி கிளினிக்கைச் சுற்றி 50 மீற்றர், அதை 150 வரை கூட்டலாம், வைத்தியரின் வீட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. அமெரிக்காவில் நிலைமை தலைகீழ், மாசசூசெட்ஸ் போட்ட 35 அடி வலயத்தை 2014இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளிவிட்டது, ஆனால் 1994ஆம் ஆண்டின் மத்திய சட்டப்படி வாசலை மறிப்பதும் பலாத்காரமும் அங்கேயும் குற்றம். அதே சட்டம் கோயில் வாசலை மறிப்பதையும் தடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

மறுபக்கத்தில் இருந்து இதை வாசிக்கிறீர்களா, நாளைக்கு அந்த வாசலால் போக வேண்டியவர் நீங்களா? நேரம் குறிக்கும்போதே வெளியே ஆட்கள் நிற்பார்களா என்று கிளினிக்கில் கேளுங்கள். நிற்பவர்களுக்கு ஒரு விளக்கமும் சொல்ல வேண்டியதில்லை, கொடுக்கிற தாளை வாங்க வேண்டியதும் இல்லை. யாராவது மறித்தால் 999, பேசித் தொந்தரவு செய்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றால் அவசரமில்லாததுக்கான பொலிஸ் இலக்கம் 101. திகதி, நேரம், என்ன சொன்னார்கள், எந்தக் கடைக்குப் பக்கத்தில் நின்றார்கள் என்று போனில் நாலு வரி குறித்துவைத்து, உள்ளே போனதும் வரவேற்பில் இருக்கிறவரிடமும் சொல்லிவிடுங்கள்.